ஆங்கில வகுப்புக்கான 60 ஆக்டிவிட்டி கார்டுகள்: ஒரு கல்வியாண்டு பயன்படுத்திய பிறகு

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்கள் பலர், தங்கள் வகுப்பில் நன்றாக எடுபட்ட ஆக்டிவிட்டிகளை எழுதிக் கொடுக்க, அவற்றைத் தொகுத்து 60 கார்டுகளாக ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதை வாங்கி ஒரு முழு கல்வியாண்டு பயன்படுத்திவிட்டேன். 60இல் 41 கார்டுகளை வகுப்பில் செய்து பார்த்தாயிற்று, சிலவற்றை நான்கைந்து முறை. வாங்கிய வாரத்திலேயே எழுதியிருந்தால் "எல்லாம் தெரிந்த விஷயம்தான், தேவையில்லை" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன், ஏனென்றால் கார்டுகளின் முன்பக்கத்தை மட்டும் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். ரன்னிங் டிக்டேஷன், படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது, இரண்டு உண்மை ஒரு பொய், இந்த மாதிரி எந்தப் பயிற்சிப் பட்டறைக்குப் போனாலும் கேட்கிற பெயர்கள்.

ஆனால் பின்பக்கம் இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பக்கத்தில் வழக்கமான விவரம்: எந்த லெவலுக்கு, எத்தனை நிமிடம், என்ன பொருள் வேண்டும், ஆறேழு வரியில் செய்முறை. பின்பக்கத்தில், அதே ஆக்டிவிட்டியைத் தங்கள் வகுப்பில் செய்து பார்த்த வேறு இரண்டு மூன்று ஆசிரியர்கள் என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனை மாணவர்கள், எந்த இடத்தில் சொதப்பியது, அடுத்த முறை எதை மாற்றினார்கள். சில குறிப்புகள் ஒரே வரிதான். சிலது கார்டின் ஓரம் வரை பொடி எழுத்தில் போகிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், ஆசிரியர்கள் நாம் ஒருவருக்கொருவர் ஆக்டிவிட்டி சொல்லிக்கொள்வது எப்போதும் ஸ்டாஃப் ரூமில் இரண்டு பீரியட்களுக்கு நடுவில்தான். "டிக்டோகிளாஸ் போடுங்க, பசங்க அருமையா செஞ்சாங்க" என்பார் ஒருவர். நாமும் மறுநாளே போடுவோம், வகுப்பு சந்தைக்கடையாகிவிடும். சொன்னவர் எதையும் மறைக்கவில்லை. பத்து முறை செய்ததில் சின்னச் சின்னத் திருத்தங்கள் எல்லாம் அவர் கையோடு சேர்ந்துவிட்டன, வாயால் சொல்லும்போது அவை வெளியே வருவதில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், தாளை எப்போது கொடுக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் சத்தம் கூடும் என்கிற விவரங்கள் இல்லாமல் வெறும் பெயரும் செய்முறையும் கைமாறும்போது பாதி ஆக்டிவிட்டிதான் நம்மிடம் வந்து சேர்கிறது. இந்தப் பெட்டி அந்த மீதிப் பாதியையும் கொடுக்க முயற்சி செய்கிறது, பெரும்பாலான கார்டுகளில் கொடுத்தும் இருக்கிறது.

ரன்னிங் டிக்டேஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு சின்னப் பத்தியைச் சுவரில் ஒட்டிவைப்போம், ஜோடியில் ஒருவர் போய்ப் படித்து மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். படிப்பது, நினைவில் வைப்பது, சொல்வது, கேட்பது, எழுதுவது எல்லாம் ஒரே பயிற்சியில் வந்துவிடும். முதல் முறை முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டுச் செய்தேன். ஒரே தாளை ஒட்டியதால் அதன் முன்னால் பதினேழு பேர் முண்டியடித்தார்கள். இரண்டு பேர் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான்கு பேர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார்கள். எழுதுகிற பிள்ளைகள் கடைசி வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை.

அன்று மாலை பின்பக்கத்தைப் படித்தபோது, அந்த நான்கு பிரச்சினைக்கும் பதில் அங்கேயே இருந்தது. பத்தியை நான்கு பிரதி எடுத்து நான்கு இடத்தில் ஒட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து படிக்க முடியாதபடி எழுத்து சின்னதாக இருக்கட்டும், முடிந்தால் கதவுக்கு வெளியே ஒட்டுங்கள். சொல்பவர் எழுதுபவரின் மேஜையைத் தொட்டுக்கொண்டுதான் பேச வேண்டும் என்று விதி வையுங்கள், கத்தல் நின்றுவிடும். மூன்று வாக்கியம் முடிந்ததும் "மாறு" என்று சொல்லி ஆளை மாற்றுங்கள். 50லிருந்து 70 வார்த்தைக்கு மேல் பத்தி வேண்டாம். இந்த மேஜையைத் தொடும் விதியை எழுதியவர் யாரென்று தெரியாது, அவருக்கு என் மனமார்ந்த நன்றி. இரண்டாவது முறை அதே வகுப்பில், அதே 34 பேரோடு செய்தேன், அத்தனை ஒழுங்காக நடந்தது. அதைவிட முக்கியம், ஒரு வார்த்தைக்கு ஸ்பெல்லிங் கேட்டு ஜோடிகள் ஆங்கிலத்திலேயே வாதாட ஆரம்பித்தார்கள். போன் பிரச்சினைக்கு மட்டும் கார்டில் இருந்த யோசனை, எல்லாப் போனையும் வாங்கி வைப்பது, எனக்குச் சரிப்படவில்லை. சொல்பவர் வெறுங்கையோடு போக வேண்டும், பேனாகூடக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அது போதுமாக இருந்தது.

டிக்டோகிளாஸ் கார்டு இந்தப் பெட்டியிலேயே சிறந்தது என்பேன். ரூத் வஜ்ன்ரிப் 1990இல் விரிவாக எழுதி ஆசிரியர்களிடம் பரவிய முறை இது. சாதாரண டிக்டேஷன் மாதிரி வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொல்லக் கூடாது. ஒரு சின்னப் பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசிக்க வேண்டும், மாணவர்கள் முக்கியமான வார்த்தைகளை மட்டும் குறித்துக்கொள்வார்கள், பிறகு மூன்று நான்கு பேராகச் சேர்ந்து அந்தப் பத்தியைத் தாங்களே கட்டி எழுப்ப வேண்டும், கடைசியில் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். கிராமர் வேலை நடப்பது அந்த ஒப்பிடும் இடத்தில்தான். கார்டின் பின்பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நேரம் போதவில்லை என்று ஒப்பிடுவதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். முழு வகுப்பும் வீண்." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் நானும் அதையேதான் செய்திருப்பேன், 40 நிமிட பீரியடில் அது எளிதில் தோன்றுகிற குறுக்குவழி.

ரயில் நிலையத்துக்குத் தாமதமாகப் போன ஒரு குடும்பத்தைப் பற்றி எட்டு வாக்கியம் எழுதி எடுத்துப்போனேன். மூலத்தில் "த டிரெயின் ஹேட் லெஃப்ட்" என்று இருந்தது. பெரும்பாலான குழுக்கள் "த டிரெயின் லெஃப்ட்" என்று எழுதியிருந்தார்கள். ஒப்பிடும்போது ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் நாங்கள் எழுதியதில் அவர்கள் போனபிறகுதானே ரயில் கிளம்புகிறது? அவர்கள் ஏறியிருக்கலாமே?" என்று கேட்டாள். முன்பே முடிந்துவிட்ட செயலைச் சொல்லும் இந்த பாஸ்ட் பெர்ஃபெக்ட்டை நான் எத்தனை வருடமாகப் போர்டில் கோடு போட்டு விளக்கியிருக்கிறேன், அந்தக் கேள்வி ஒருமுறைகூட வந்ததில்லை. அவர்களே எழுதிய வாக்கியம், அவர்களே கண்ட இடைவெளி என்பதால் வந்தது. அந்த வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சியை இங்கே சரியாக எழுத முடியவில்லை.

பேச்சுப் பயிற்சியில் நான்கு-மூன்று-இரண்டு. ஒரே விஷயத்தை முதலில் ஒருவரிடம் நான்கு நிமிடம், பிறகு இன்னொருவரிடம் மூன்று நிமிடம், கடைசியாக வேறொருவரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும். மொழி கற்பித்தல் ஆராய்ச்சியாளர் பால் நேஷன் 1989இல் இதை ஆராய்ந்து எழுதிய பிறகு நிறையப் பேர் கையில் எடுத்தார்கள். விஷயம் ஏற்கெனவே வாயில் இருப்பதால் அடுத்தடுத்த சுற்றில் தடுமாற்றம் குறையும், கேட்பவர் ஒவ்வொரு முறையும் புது ஆள் என்பதால் சலிக்காது. கார்டில் நடுத்தர லெவல் முதல் என்று போட்டிருக்கிறது. தொடக்க நிலை மாணவர்களுக்கு நான்கு நிமிடம் என்பது மிகப் பெரிய காலம், 50 விநாடியில் வற்றிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். பின்பக்கத்தில் ஒருவர் 90 விநாடி, 60 விநாடி, 45 விநாடி என்று குறைத்திருக்கிறார், எனக்கும் அதுதான் பொருந்தியது. கேட்பவர் சும்மா உட்கார்ந்திருந்தால் தூங்கிவிடுவார் என்று இன்னொரு குறிப்பு, ஆகவே அவர் கடைசியில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். இதில் கார்டு சொல்லாத ஒன்று உண்டு. முதல் சுற்றில் "வென்ட்" என்பதற்குப் பதில் "ஐ கோ-எட் யெஸ்டர்டே" என்று சொன்ன பையன் மூன்றாவது சுற்றிலும் அதையேதான் சொன்னான், இப்போது இன்னும் சரளமாக. அதனால் முதல் சுற்றுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இரண்டு நிமிடம் எடுத்து, காதில் விழுந்த நான்கைந்து தப்புகளைப் பெயர் சொல்லாமல் போர்டில் எழுதித் திருத்திவிடுகிறேன். மூன்று சுற்றும் முடியட்டும் என்று காத்திருந்தால் திருத்தத்தைப் பயன்படுத்திப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே இருக்காது.

"ஃபைண்ட் சம்ஒன் ஹூ" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாளில் உள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் பொருந்துகிற ஆளை வகுப்பில் கேட்டுக் கண்டுபிடித்துப் பெயர் எழுதுவது, எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோருக்கும் கெட்டுப்போவது. தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி "நீயே எழுதிக்கோ" என்று விடுவார்கள். தாளை மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் பெயரை ஒருமுறைதான் எழுதலாம், பெயருக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு விவரம் கேட்டு எழுத வேண்டும் என்று மூன்று விதி பின்பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது விதிதான் உயிர். அது இருந்தால் உரையாடல், இல்லாவிட்டால் கையெழுத்து வேட்டை.

திங்க்-பேர்-ஷேர் கார்டு என்னை என் பழக்கத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஃபிராங்க் லைமன் 1981இல் அறிமுகப்படுத்திய எளிய முறை: முதலில் தனியாக யோசி, பிறகு ஜோடியோடு பேசு, பிறகு எல்லோருக்கும் சொல். முன்பக்கத்தில் யோசிக்கும் நேரத்தைப் பற்றி அரை வரிதான். பின்பக்கத்தில் ஓர் ஆசிரியர், "யோசிக்கிற ஒரு நிமிடமும் பேனா ஓட வேண்டும், மூன்று வார்த்தையாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் வேகமாகப் பேசுகிறவரே இரண்டு பேருக்கும் சேர்த்து யோசித்துவிடுவார்" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் மேரி பட் ரோ என்ற ஆராய்ச்சியாளர் நினைவுக்கு வந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று 1970களில் காட்டியவர் அவர். என் வகுப்பு ஒன்றைப் பதிவு செய்து கேட்டேன். நானும் ஒரு விநாடிதான். இன்னொரு மொழியில் பதில் தேடுகிற பிள்ளைக்கு அந்த ஒரு விநாடி எந்த மூலைக்கு? இப்போது மனதுக்குள் நான்கு எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறேன்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

பத்துப் பன்னிரண்டு கார்டுகளின் பின்பக்கம் வீண். "சூப்பர், மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது" என்று மட்டும் எழுதியிருக்கிறது. போர்டுக்கு முதுகைக் காட்டி ஒருவர் உட்கார, மற்றவர்கள் போர்டில் உள்ள வார்த்தையைச் சொல்லாமல் விளக்கும் ஹாட் சீட் கார்டு அப்படிப்பட்டது. அந்த ஆக்டிவிட்டி எல்லோருக்கும் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் 34 பேரில் அதே ஐந்து பேர்தான் கத்துவார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள், அதை எப்படிச் சமாளிப்பது என்று யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? நான்கு குழுவாகப் பிரித்து நான்கு ஹாட் சீட் வைத்துச் செய்துபார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. இன்னும் நல்ல வழி நிச்சயம் யாரிடமாவது இருக்கும். பிடித்திருந்தது என்பது மட்டும் அடுத்த ஆசிரியருக்கு எந்த உதவியும் செய்யாது, தொகுத்தவர்கள் அந்தக் குறிப்புகளைத் திருப்பி அனுப்பி இன்னும் விவரம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது, சமநிலை இல்லை. ஒருவரிடம் இருக்கிற தகவல் மற்றவரிடம் இல்லாததால் கேட்டு வாங்குவது, படித்ததை வைத்து யோசித்து முடிவெடுப்பது, சொந்தக் கருத்தைச் சொல்வது என்று மூன்று வகையாக ஆக்டிவிட்டிகளைப் பிரித்துக் காட்டியவர் என். எஸ். பிரபு. தென்னிந்தியப் பள்ளிகளில் 1979 முதல் 1984 வரை அவர் நடத்திய திட்டத்திலிருந்து வந்த பாகுபாடு அது, இரண்டாவது வகைக்குத்தான் அவர் அதிக இடம் கொடுத்தார். இந்தப் பெட்டியில் முதல் வகை குவிந்து கிடக்கிறது, இரண்டாவது வகையில் எண்ணிப் பார்த்தால் நான்கே கார்டு. அந்த நான்கும் பிரமாதம் என்பதால்தான் இன்னும் வருத்தம். இரண்டு பேர் வெளியே போய் "நேற்று மாலை எங்கே இருந்தோம்" என்று ஒரே கதையை ஜோடித்துக்கொண்டு வர, வகுப்பு அவர்களைத் தனித்தனியாக விசாரித்து முரண்பாட்டைப் பிடிக்கிற அலிபி விளையாட்டு அதில் ஒன்று, அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. (வெளியே போனவர்கள் கதை ஜோடிக்கிற ஐந்து நிமிடத்தில் உள்ளே இருப்பவர்கள் கேள்விகளை எழுதி வைக்க வேண்டும். இதுவும் பின்பக்கத்தில் கிடைத்ததுதான்.)

உச்சரிப்புக்கு மூன்றே கார்டு, மூன்றும் ஒலிகளைப் பிரித்துக் கேட்கிற பயிற்சி. வார்த்தையில் எங்கே அழுத்தம், வாக்கியத்தில் எங்கே நிறுத்தம் என்பதற்கு ஒன்றுமே இல்லை.

ஜிக்சா ரீடிங் கார்டில் கணக்கு உதைக்கிறது. எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், வெவ்வேறு இனக் குழந்தைகள் முதல் முறையாக ஒன்றாக உட்கார்ந்த வகுப்புகளுக்காக உருவாக்கிய முறை. ஒவ்வொருவர் கையிலும் படிக்க வேண்டிய பகுதியின் ஒரு துண்டு, எல்லோரும் சேர்ந்தால்தான் முழுசு. கார்டு நான்கு துண்டு, நால்வர் குழு என்கிறது. என்னிடம் 34 பேர், இரண்டு பேர் மிஞ்சுவார்கள், ஒருவர் வராவிட்டால் ஒரு குழுவில் ஒரு துண்டே இருக்காது. மிஞ்சுகிறவர்களை ஏதாவது ஒரு குழுவில் இன்னொருவரோடு இரட்டையராக்கி ஒரே துண்டைக் கொடுத்துவிட்டேன், ஆள் குறைந்த குழுவுக்கு அந்தத் துண்டை நானே வாசித்தேன். இதெல்லாம் எந்த வகுப்பிலும் தினமும் நடப்பது, கார்டில் ஒரு வரி இருந்திருக்கலாம்.

பொருளின் தரம்: கார்டு கெட்டியாக இருக்கிறது, லேமினேஷன் ஒரு வருடத்துக்குப் பிறகும் உரியவில்லை, போர்டு மார்க்கரால் எழுதித் துடைக்கலாம். பெட்டி மூடி மட்டும் மூன்றாவது மாதத்தில் கிழிந்தது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பின்பக்க எழுத்து மிகவும் சின்னது. வகுப்பு நடக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்ள முடியாது, முந்தின நாள் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். பெட்டியில் இருப்பதிலேயே முக்கியமான பகுதியை இவ்வளவு பொடி எழுத்தில் அச்சடித்திருக்க வேண்டாம்.

யாருக்கு இது பயன்படும்? வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன், ஒரே ஒரு நிபந்தனையோடு: பின்பக்கத்தைப் படிக்காமல் எந்தக் கார்டையும் வகுப்புக்கு எடுத்துப்போகாதீர்கள். நிறைய வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள் தனியாக வாங்குவதைவிட நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஸ்டாஃப் ரூமுக்கு ஒன்று வாங்குவது நல்லது. ஒருவருக்கு ஒருவர் மட்டும் பாடம் நடத்துபவர்களுக்கு இதில் ஏழெட்டு கார்டுதான் தேறும், அவர்கள் வாங்க வேண்டாம். ஆன்லைனில் வகுப்பு எடுப்பவர்களுக்கும் பெரும்பாலானவை ஒத்துவராது, ஓடுவதும் இடம் மாறி உட்கார்வதும்தான் பாதிக்கு மேல்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த வீணான பின்பக்கங்கள் இல்லாவிட்டால் ஐந்து.

ஒன்றை விட்டுவிட்டேன். பெட்டியின் அடியில் ஐந்து வெற்றுக் கார்டுகள் வைத்திருக்கிறார்கள், நாமே எழுதிக்கொள்ள. நான் ஒன்றில், அழியும் உரையாடல் ஆக்டிவிட்டியை எழுதினேன்: எட்டு வரி உரையாடலைப் போர்டில் எழுதி, ஜோடிகள் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சுற்றிலும் நாலைந்து வார்த்தைகளை அழித்துக்கொண்டே போவது, கடைசியில் காலிப் போர்டைப் பார்த்து முழு உரையாடலையும் பேசுவார்கள். முன்பக்கத்தை நிரப்பினேன், பின்பக்கத்தை அப்படியே விட்டு ஸ்டாஃப் ரூம் மேஜையில் வைத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை எடுத்துப்போய் இரண்டு நாள் கழித்துத் திருப்பி வைத்தார். திருப்பிப் பார்த்தேன், பென்சிலில் எழுதியிருந்தார்: "28 பேர். எட்டு வரி அதிகம், ஆறு போதும். கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை, பெரிதாக எழுதவும். வினைச்சொற்களை முதலில் அழிக்காதீர்கள், எல்லோரும் நின்றுவிட்டார்கள்."